மெத்தைக்கு ஒரு வாசகம்

“‘எங்கள் மெத்தையில் படுத்தவர் யாரும் இதுவரை எழுந்ததே இல்லை!’ இன்னா, எப்டி கீது?”

எத்திராஜ் கையை விரித்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்து நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அந்தச் சின்ன விளம்பர கம்பெனிக்கு அவர்தான் கிரியேட்டிவ் ஹெட். குமணன்சாவடி மெத்தைக் கடைக்காரர் மத்தியானம் வருகிறார். பஸ்ஸின் பின்னால் ஒட்ட அவருக்கு ஒரு வாசகம் வேண்டும்.

“அண்ணே, இது மெத்தை விளம்பரமா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரா?” என்றாள் ஆக்னஸ். படம் வரைகிறவள். “மேல அழுவுற கண்ணு ரெண்டு, கீழ ‘வருந்தும் குடும்பத்தார்’னு போட்டுடவா?”

“அவ்ளோ சொகமா தூங்குவாங்கன்னு அர்த்தம்மா!”

“கடைக்காரர் கேட்டா அவரும் எழுந்திருக்க மாட்டாருண்ணே,” என்றாள் ரேஷ்மா. வாசகம் எழுதுகிறவள், எத்திராஜுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள்.

அவரைக் கிண்டலடிக்க அங்கே யாருக்கும் பயம் கிடையாது. விளம்பரம் சொதப்பினால் கடைக்காரர் முன்னால் போய் ‘தப்பு என்னுது’ என்று நிற்பவரும் அவர்தான். அதனாலோ என்னவோ, அவரை நாலு வார்த்தை ஓட்டாத நாளில் அவர்களுக்கு வேலையே ஓடாது.

அத்தனை சிரிப்புக்கு நடுவில், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மீட்டிங்கில் வாயே திறக்காத கிஷோர் பொறுக்கமாட்டாமல் நிமிர்ந்தான்.

“அண்ணே, இதுக்கு நான் சொல்றதே பரவால்ல. ஐயப்பன்தாங்கல் பஸ்ல கம்பியப் புடிச்சிகினு நின்னபடியே தூங்குவாங்கல்ல? அந்த ஆளைப் படமா போட்டு, ‘நின்றுகொண்டே தூங்கியது போதும்’னு...”

“டேய்!” என்று கத்திய ஆக்னஸ் அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். “கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு தலகாணி வெக்கிறேன்.”

“கீழ கடை பேரு மட்டும் போதும். வேற ஒண்ணும் வேணாம்,” என்றாள் ரேஷ்மா.

எத்திராஜ் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும்விட பலமாகக் கைதட்டினார். கிஷோரின் காது சிவந்துபோயிற்று.

மூலையில் உட்கார்ந்திருந்த ரோஹித் மட்டும் சிரிக்கவில்லை. பெங்களூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் மேனேஜர். மீட்டிங் முடிந்ததும் ரேஷ்மாவைத் தன் அறைக்கு அழைத்தார்.

“நானும் வந்ததுலேருந்து பாக்கறேன். அவர் சொன்ன ஐடியா ஒண்ணுகூட தேறல. ஆவடி பல் டாக்டருக்கு என்ன சொன்னார்? ‘ஒருமுறை வாருங்கள், அப்புறம் பல் துலக்கவே வேண்டாம்!’ டீமை மோட்டிவேட் பண்ண வேண்டியவரைப் பாத்து டீமே சிரிக்குது. திங்கட்கிழமைலேருந்து நீங்கதான் ஹெட். அவரை பில்லிங் பக்கம் அனுப்பிடலாம்.”

அந்த நாற்காலி மேல் ஆசையில்லை என்று ரேஷ்மா சொன்னால் அவள் அம்மாவே நம்ப மாட்டாள். ஆனால் எத்திராஜைக் கொண்டுபோய் பில்லிங்கில் உட்கார வைப்பதாவது! அவள் கண் கொட்டாமல் ரோஹித்தைப் பார்த்தாள்.

“சார், அவர் வேணும்னேதான் அப்படிச் சொல்றாருன்னு உங்களுக்கு இன்னுமா புரியல?”

“வேணும்னேவா?”

“ஹெட்டே பிரமாதமா ஒண்ணு சொல்லிட்டா, மத்தவங்க ‘சூப்பர் சார்’னு தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. அவர் கோக்குமாக்கா ஒண்ண எடுத்துவிட்டாதான், ‘இதைவிட மோசமா நம்மளால சொல்லிட முடியாது’ங்கற தைரியம் எல்லாருக்கும் வரும். இன்னிக்கு கிஷோர் பேசினானே, பாத்தீங்கல்ல? பல் டாக்டர் விஷயத்துலயும் அப்படித்தான். இவர் சொன்னதைக் கேட்டுக் கடுப்பாகித்தான் ஆக்னஸ் அந்த பல்லெல்லாம் தெரிய சிரிக்கிற சீப்பு வரைஞ்சா. அது இன்னும் ஆவடி ஸ்டேஷன் வாசல்ல தொங்குது.”

ரோஹித் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இத்தனை நாளும் டீமுக்காகத்தான் அவர் முட்டாள் பட்டம் வாங்கிட்டு இருந்தாரா?”

“வெளில தெரிஞ்சா அப்புறம் பலிக்காது சார். நீங்களும் அவர்கிட்ட நேரா கேட்டுடாதீங்க.”

“எம்.பி.ஏ.ல இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே!” ரோஹித் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

மத்தியானம் வந்த மெத்தைக் கடைக்காரர், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் “இதான், இதேதான்!” என்றார். சந்தோஷத்தில் கிஷோர் அன்று சாப்பாட்டுக்கு வாங்கிய பிரியாணியைக்கூட மிச்சம் வைத்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ரேஷ்மாவைத் தேடி எத்திராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் பல்.

“ரோஹித் சார் கூப்ட்டாரும்மா. வேலைக்கு வேட்டு வெக்கப் போறாருன்னு நடுங்கிகினே போனேன். கையப் புடிச்சிகினாரு! ‘உங்க அருமை எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது எத்திராஜ். உங்க ஐடியாவெல்லாம் இப்படியே வரட்டும், கொஞ்சம்கூட மாத்திக்காதீங்க’ன்னாரு.”

“ரொம்ப சந்தோஷம்ணே.”

எத்திராஜ் சட்டைப் பையிலிருந்து அந்த நாலாக மடித்த தாளை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இந்த மெத்தை வாசகத்துக்காக மூணு ராத்திரி நான் தூங்கலம்மா. நீங்கள்லாம் சிரிச்சிட்டீங்க. என் ஐடியாவோட அருமை தெரியறதுக்கு, பெங்களூர்லேருந்து ஒருத்தர் வர வேண்டியதா பூடுச்சு, பாத்தியா?”

“ஆமாண்ணே,” என்றாள் ரேஷ்மா, காலையில் ரோஹித்திடம் கதை விட்டபோது வைத்திருந்த அதே கண் கொட்டாத முகத்தோடு.