அடுத்த அறை ஜெபம்

காலைப் படகில் வந்த சுற்றுலாக் கூட்டம் கிளம்பிப் போன பிறகுதான் இசாகு அண்ணன் கோயிலுக்குள் வந்தார்.

ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தார். நேராகப் பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்தார். ஆண்களுக்கு இடதுபுறம் என்று சொல்ல வாயெடுத்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்றாலும், எண்பத்தொரு வயது ஆளிடம் என்ன சட்டம் பேசுவது?

ஏசுவைக் கும்பிட அரசு தடை போட்டிருந்த காலத்தில், இந்தத் தீவில் எல்லோருமே ஒளிந்து கும்பிட்டவர்கள்தான். தடை நீங்கியதும் எங்கள் முப்பாட்டன்கள் மரம் சுமந்து இந்தக் கோயிலைக் கட்டினார்கள். இசாகு அண்ணன் வகையறா மட்டும் வெளியே வரவே இல்லை. நூற்றைம்பது வருடமாக அதே ரகசிய ஜெபம், அதே சாத்திய கதவு.

"இன்னும் யாருக்குப் பயந்து ஒளியிறீங்க, எங்களுக்கா?" என்று சீண்டுவோம். சிரித்துக்கொண்டே வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் மனைவி மிசாவோ அக்கா மட்டும் ஐம்பது வருடத்துக்கு முன்பு எங்கள் பக்கம் வந்துவிட்டாள். கடைசி வரை தனியாகவே பூசைக்கு வந்து, பெண்கள் பக்கம் இதே இடத்தில் உட்கார்ந்தாள். போன மாதம் சாகக் கிடந்தபோது, என் அடக்கப் பூசைக்காவது உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள்.

வந்தார். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தார். பாதிரியார் ஜெபிக்க ஜெபிக்க அவர் உதடும் அசைந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா நான்? அண்ணன் மனம் மாறிவிட்டார் என்று தீவு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நல்லா ஜெபம் பண்ணினீங்கண்ணே. அக்கா மனசு குளிர்ந்திருக்கும்."

அவர் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அது கும்பிடுற ஜெபமில்ல தங்கச்சி. அழிக்கிற ஜெபம்."



அந்த வழக்கம் எனக்கும் தெரியும். தடைக் காலத்தில் சாவு வீட்டுக்குப் புத்த பிக்கு வந்து ஓதியே ஆக வேண்டும் என்பது அரசு உத்தரவு. அவர் ஓத ஓத, அடுத்த அறையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து, அந்த ஓதல் ஒட்டாமல் போக முணுமுணுப்பார். அப்போதுதான் ஆத்மா நம் மோட்சத்துக்குப் போகும். அவர்கள் வீடுகளுக்கு இன்றும் பிக்கு வருகிறார். முணுமுணுப்பது இசாகு அண்ணன்தான்.

"இருபது வயசுலேர்ந்து எல்லாச் சாவுக்கும் நான்தானே சொல்றேன். பொணத்துக்கு முன்னாடி யாரோ ஓதுறது காதுல விழுந்ததும் வாய் தானா ஆரம்பிச்சிருச்சு. முடிக்கிறப்பதான் உறைச்சுது. அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதையும் நானே அழிச்சிட்டேனே."

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தாங்கவில்லை.

"அழிச்சதைத் திரும்பக் கொண்டுவர உங்க கோயில்ல ஏதும் ஜெபம் இருக்கா?" என்று கேட்டார்.

"போங்கண்ணே," என்று அவர் தோளைத் தட்டினேன். பூசையை யார் முணுமுணுத்தும் அழிக்க முடியாது, அந்த ஜெபத்துக்கெல்லாம் ஒரு பலனும் கிடையாது என்று அடித்துச் சொல்லப் போனேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பலிக்காதுன்னு மட்டும் சொல்லிடாதே. அவ உங்க பக்கம் வர்றதுக்கு முந்தின வருஷம் எங்க பையனைக் கடல்லேர்ந்து எடுத்தோம். ஆறு வயசு. அவனுக்குப் பிக்கு ஓதினதை இதைச் சொல்லித்தான் அழிச்சேன். இது பலிக்காதுன்னா, அவன் இப்ப எங்க இருக்கான்?"