எல்லாப் பாதைக்கும் இருபது நிமிடம்

ஒன்பதாம் கிளைப்பாதையில் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாக ஏறிக்கொண்டிருந்தோம். கையேட்டின்படி நாங்கள் ஐம்பது நிமிடத்துக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

"வந்து சேர்ந்ததுக்கு வாழ்த்துகள்," என்றேன்.

ஷார்லின் சிரிக்கவில்லை. அவள் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

பினாங்குத் தீவின் மலை முதுகில் தெற்கே தொடங்கி வடக்கே முடியும் நெடும்பாதைக்கு, எங்கள் கல்லூரி மலையேறும் கழகம் போன வருடம் ஒரு கையேடு போட்டது. நெடும்பாதையிலிருந்து பிரிகிற கிளைப்பாதைகள் பதினான்கு. பதினான்கிற்கும் ஏறும் நேரம் இருபது நிமிடம்.

இயற்கை இவ்வளவு கட்டுப்பாடாக நடந்துகொள்ளும் தீவு வேறெங்கும் இருக்காது.

'ஒன்பதாம் பாதை: இருபது நிமிடம். நிழல் உண்டு. குடும்பத்தோடு போகலாம்.' எந்தக் குடும்பம் என்று போடவில்லை. குரங்குக் குடும்பமாக இருக்கலாம்.

இப்போது இரண்டாம் பதிப்பு. அவள் நேரம் பார்ப்பாள், நான் எழுதுவேன். முதல் பதிப்பைக் கிண்டல் செய்வதும் என் வேலை. அதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

ஷார்லின் வந்ததற்குக் காரணம் அவள் அண்ணன் மேத்யூ.

ஜனவரியில் ஒரு நாள், இருபது நிமிடம்தானே என்று, சூரியன் இறங்குவதைப் பார்க்க மாலை ஏழு மணிக்கு இந்தப் பாதையில் ஏறினான். பாதி வழியில் இருட்டிவிட்டது. ஓடைப் பள்ளத்தில் சறுக்கி விழுந்து விடியும்வரை கிடந்தான். இப்போது காலுக்குள் ஒரு இரும்புக் கம்பி.

கம்பியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் அப்பா கையேட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். "இருபது நிமிசப் பாதைடா இது. ராத்திரி பூரா யாரோட குடிச்சிக்கிட்டு கெடந்த?"

அதற்குப் பிறகு அவர் மகனோடு பேசவில்லை. ஒரே மேசையில் நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார்கள்.

"எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா போதும்," என்று ஷார்லின் ஒவ்வொரு முச்சந்தியிலும் சொல்வாள். "எங்கப்பா முன்னால வந்து, நான் நடக்காமலே எழுதினேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

கையேட்டில் பெயர் இல்லை. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தது. விசாரணைக்கு என்னால் ஆன உதவியைச் செய்தேன். முதலில் பழைய தலைவரைச் சந்தேகப்பட்டேன். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் வசதியாக இருந்தது. அடுத்து பொருளாளரை. அட்டைப் பூச்சிக்குப் பயந்து புல்தரையில்கூட உட்காராத மனிதர்.

மேலே தகரக் கொட்டகை தெரிந்தபோது ஷார்லின் கடிகாரத்தை நிறுத்தினாள். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

கொட்டகை அப்துல் ரசாக் மாமாவின் பொறுப்பு. எழுபத்தோரு வயது. முப்பது வருடமாகத் தினமும் காலையில் இரண்டு பெரிய தண்ணீர் போத்தலோடு ஏறி வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுப்பார். அவருக்கு மூச்சு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

ஷார்லின் அவரிடம் கேட்டாள்: "மாமா, இங்கேருந்து பத்தாம் பாதை எவ்வளவு நேரம்?"

"கிட்டத்தான் லா. இருபது நிமிசம்."

"பன்னெண்டாவது?"

"அதுவும் இருபதுதாம்மா."

மலையில் ஏறுகிறவனிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. மேலே இருக்கிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் 'கிட்டத்தான்' என்றுதான் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான் என்கிற இரக்கம். முப்பது வருடமாக அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதை அப்படியே எழுதி அச்சடிக்க ஓர் ஆள்தான் இல்லாமல் இருந்தது.

ஷார்லின் கையேட்டை மெதுவாக மூடினாள்.

"அவன் நடக்கவே இல்ல. இங்க உக்காந்து மாமாவக் கேட்டு எழுதியிருக்கான்."

"மோட்டார் சைக்கிள்ல வந்திருப்பான்," என்றேன். "பின்னால பழத்தோட்டத்து சிமெண்டுப் பாதை இருக்கே."

தோட்டத்துப் பாதை கையேட்டில் இல்லை.

மாமா தேநீர் கொண்டுவந்தார். ஷார்லினிடம், "சீனி எவ்வளவும்மா?" என்று கேட்டுப் போட்டார். என் கோப்பையை நேராக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சீனி இல்லாத தேநீர்.

நான் சீனி போட்டுக்கொள்வதில்லை. இன்று அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

ஷார்லின் என் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஆள நீ பாத்திருக்கியா?"

"தினமும். காலையில பல்லு வெளக்குறப்ப, கண்ணாடியில."

அதற்கும் அவள் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்தாள். ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அழுத்திவிட்டு, முன்னால் நடந்தாள்.

இறங்க ஒரு மணி நேரம் இருபது நிமிடம்.

அடிவாரத்திலிருந்து சுங்கை பினாங்கில் ஷார்லினின் அப்பா வீட்டு வாசல்வரை, பேருந்தில், இருபது நிமிடம்.

இந்த இருபதை நான் யாரையும் கேட்டு எழுதவில்லை.