வலது கால் செருப்பு

மகள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். எந்தச் செருப்பும் அவளிடம் ஒரு மாதம் தாங்காது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அவளுக்காகத்தான் கணவனும் மனைவியும் கால் அளவைக் கணினியில் ஏற்றி, முப்பரிமாண அச்சில் செருப்பு செய்யக் கற்றுக்கொண்டார்கள். அவளுடைய வலது கால் செருப்புதான் முதல் வரைபடம். இடது காலை அளவெடுப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது.

முன்னறையில் தொடங்கிய தொழில் நின்று பிடித்தது. புது மிஷின் வந்தால், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அந்தச் செருப்பைத்தான் முதலில் அச்சிடுவார்கள். இரண்டாவது மிஷினில் அது ஒரு விரல்கடை நீளமாக வந்தது. மூன்றாவதில் இன்னும் நீளம்.

"சல்லிசா கெடைக்குதுன்னு வாங்கினா இப்படித்தான்," என்று அவன் சிடுசிடுத்தான். ஆனால் வாடிக்கையாளர்களின் செருப்புகள் நூல் பிசகாமல் வந்தன. வரைபடத்திலும் அளவு மாறவில்லை. அதன்பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகள் போய்ப் பத்து வருஷம் கழித்து, இன்று ஐந்தாவது மிஷின் ஓடியது. சூடு ஆறாத செருப்பை மனைவி தன் காலில் மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. கழற்றிப் புரட்டினாள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"என்னங்க, இதைப் பாருங்க."

அவன் வாங்கி, தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். இந்த முறை மிஷினைத் திட்டவில்லை.

"இடது காலுக்கும் ஒண்ணு போடு," என்றான். "ஒத்தச் செருப்போட எவ்வளவு தூரந்தான் நடப்பா."