மாலை கழற்றிய விமானி

கட்கி பஜாரில் ஃபிரேம் கடை வைத்திருக்கும் பொன்னையா, நான் கொடுத்த புகைப்படத்துக்குச் சந்தன மாலையும் போட்டுவிட்டார். முதியவர்கள் கொண்டுவரும் பழைய படங்கள் காலமானவர்களுடையவை என்று கொள்வது அவர் வழக்கமாம். இரட்டை இறக்கை விமானத்தின் அருகே, தோல் தொப்பியுடன் நிற்கும் அந்த இராணுவ விமானி எனக்கு உறவினரல்லர். பழம்பொருள் சந்தையில் கேட்பாரற்றுக் கிடந்தார். படத்தின் பின்புறத்தில் 1917 என்று மட்டும் இருந்தது.

"இறந்த தேதி எங்கே இருக்கிறது? சான்றில்லாமல் ஒருவருக்கு மாலை போடலாமா?" என்று கடிந்துகொண்டேன்.

"அரே மாஸ்டர் சாப், நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா உசுரோட இருப்பாரு?" என்று சிரித்தவாறே அவர் மாலையைக் கழற்றினார்.

படத்தை வீட்டுச் சுவரில் மாட்டினேன். மறுநாள் காலை, விமானியின் வாய்க்கு நேராகக் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. அது மெல்லப் பரவியது; மெல்லச் சுருங்கியது. பொன்னையா வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை. கண்ணாடியை மாற்றினார். புதிய கண்ணாடியிலும் ஆவி படிந்தது.

"மாலைய மறுபடி போட்டுருங்க சார், நின்னுடும்" என்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

என் மனைவி இறந்தபின், மூன்றாண்டுகளாக இவ்வீட்டில் மூச்சு விடுபவன் நான் ஒருவனே. மாலை வேண்டாமென்று அவரை அனுப்பிவிட்டேன்.

இன்று நாளிதழிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஆவியின் நடுவே, என் நாற்காலிக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி உள்ளிருந்து துடைக்கப்பட்டிருந்தது.