விலாங்கு கேட்ட இறால்

பழைய ஓட்டைக் கழற்றிய அன்று, அலையன் என்ற இளநண்டிடம் பாறை இடுக்கிலிருந்து ஒரு குரல் நட்பாகப் பேசியது. "நானும் நண்டுதான். வெளியே வாயேன்." புது ஓடு இறுகும் முன்பே அலையன் மெத்தென்ற உடம்போடு வெளியே வந்தான்.

இடுக்கிலிருந்து தலையை நீட்டியது விலாங்கு மீன்.

"ஓடில்லாம நின்னியே, கரை முழுக்கச் சொல்லிடுவேன். சொல்லாம இருக்கணும்னா தினமும் இறால் கொண்டு வா."

அவன் தன் சாப்பாட்டையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றான். ஒரு நாள் விலாங்கு சொன்னது: "நாளைக்கு உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வா."

மறுநாள் பட்டப்பகலில், தங்கையைக் கூப்பிடாமல், நண்டுகளைக் கொத்தித் தின்னும் கொக்குகள் நிற்கும் வெட்டவெளியை நோக்கி அலையன் தனியாக நடந்தான். அம்மா ஓடிவந்து அவனைக் கொடுக்கால் பிடித்து வளைக்குள் இழுத்தாள்.

அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். "திட்டுவியாம்மா?"

'ஏன்டா போனே?' என்ற கேள்வி அம்மாவின் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். "இத்தனை நாள் தனியாவா பயந்துகிட்டிருந்தே?"

பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு பாறைக்குப் போனாள். "இனிமே இறால் வராது. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ."

விலாங்கு கரை முழுக்கக் கேட்கும்படி கத்தியது. சில நண்டுகள் சிரித்தன. அலையன் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நடந்தான்.

வளை வாசலில் பக்கத்து வளைச் சிறுமி காத்திருந்தாள்.

"அத்தை, அது எங்கிட்டயும் இறால் கேட்குது. எங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"