இரண்டு நஞ்சுக்கொடிகள்

குழந்தை உருவாகும் அதே கருவிலிருந்து உருவாவதால் நஞ்சுக்கொடிக்கும் ஆண், பெண் உண்டு. அந்த வேறுபாட்டைத்தான் மருத்துவமனை ஆய்வகத்தில் ரெஜினா ஆராய்ந்துகொண்டிருந்தாள். அன்று காலை பிரசவமான இசக்கியம்மாளின் பெயர் ஒட்டிய புட்டியிலிருந்து எடுத்த திசு பெண் என்றது. இசக்கியம்மாளின் மடியில் கிடந்ததோ ஆண் குழந்தை. மறுபடியும் சோதித்தாள். பெண்தான். அதே காலையில் அடுத்த வார்டில் பெண் குழந்தை பெற்றவளின் கொடியையும் எடுத்துப் பார்த்தாள். அது ஆண். புட்டிகள்தான் மாறியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

வாசலில் இசக்கியம்மாளின் புருஷன் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். "மூணும் பொட்டையாப் போச்சு. இதுவும் பொட்டைன்னா வீட்டுப் படி மிதிக்காதன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். பெத்துட்டால்லா!" என்று சிரித்தான். ரெஜினாவின் உள்ளங்கையில் லட்டு பிசுபிசுத்தது.

"உன் நஞ்சுக்கொடியைச் சோதிச்சுப் பார்த்தோம்மா. பிள்ள..." என்று அவள் தொடங்கியதுமே இசக்கியம்மாள் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். அவன் முதுகு தெரிந்தது. பிறகு ரெஜினாவின் கையை இறுகப் பிடித்து, குரலே எழாமல் கேட்டாள்:

"அக்கா, அடுத்த வார்டுல அந்தப் பொட்டப்பிள்ள பால் குடிக்காளா?"