ஈரத் துணி

"சிதறிக் கிடந்த ஆலைகளை ஒரே இடத்துல சேர்த்து, பொதுவா ஒரு பாய்லர் வெச்சீங்க. கரிப்புகை பாதியாக் குறைஞ்சிருக்கு. சாதிச்சிட்டீங்க சார்!" என்றார் நிருபர்.

பொறியாளருக்குச் சிரிப்பே வரவில்லை. ஈரத் துணியைப் பையில் திணித்தார். "எம் பொண்ணுக்குப் புகை ஆகாது. அவளுக்காகத்தான் ஓடி ஓடிச் செஞ்சேன்."

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "புள்ள முகமெல்லாம் கரியா இருக்கும். அழுத்தாம துடைங்க. கனவுல வந்து இருமுறா."

நிருபருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மிச்சப் புகை யாரையும் பாதிக்காதா சார்?"

"அங்க குடித்தனமே கிடையாது. அதுக்காகத்தான் அந்த இடத்தைப் பிடிச்சேன்."

பொறியாளர் செருப்பை மாட்டினார்.

"ஆலை மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் கல்லறைங்கதான். முதல் கல்லுல இருக்கிற படம் எம் பொண்ணு. ஆலைங்க அங்க வர்றதுக்குள்ள அவ முந்திக்கிட்டா."